தாய்மாமனுக்கு ஒரு இ.சி.ஜி.

ஆகஸ்ட் 4, திங்கள்

விடியலிலிருந்து தூறல். மலை தெரியவில்லை. பள்ளிக்கு விடுப்பு சொல்லியாயிற்று. சத்துணவுக்கூடச் சாவி சமையலரிடம். முட்டை எண்ணி வைத்தாயிற்று, உப்பு மட்டும் வாங்க மறந்தேன்.

6.40 பஸ். வேலூர் போய்ச் சேரும்வரை பக்கத்து சீட்டு அம்மாவின் சீத்தாப்பழக் கூடை பாதி என் மடியில். இறங்கும்போது இரண்டு பழம் கொடுத்தார். ஒன்று அங்கேயே தின்றேன்.

ஜூனில் எடுத்த ரத்தத்தின் முடிவு வந்துவிட்டது. அரிசி மூட்டையை நகர்த்தும்போது நெஞ்சு தாறுமாறாக அடித்துக்கொண்டு, நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேனே, அந்த விவகாரம். மாத்திரை போட்டதிலிருந்து அது அடங்கிவிட்டது. ஏன் வந்தது என்பதுதான் இன்றைக்கு.

டாக்டரம்மா தாளில் குடும்பப் படம் ஒன்று போட்டு வைத்திருந்தார். ஆண்களுக்குச் சதுரம், பெண்களுக்கு வட்டம். என் வட்டத்தில் கறுப்பு மை.

"அப்பா அம்பத்திரெண்டு வயசுல பக்கவாதம் வந்து இறந்தார். சித்தப்பா தூக்கத்துலயே போயிட்டார். உங்களுக்கு முப்பத்தொன்பதுல இதயத்துடிப்பு தாளம் தப்புது. இது மூணும் ஒரே வீட்டு விஷயமா இருக்கலாம்மா."

புரிந்தவரை எழுதிவைக்கிறேன். நிறையப் பேருக்கு இந்தத் தாளக் கோளாறு பல காரணம் சேர்ந்து வருகிறது. பல மரபணுக்கள் ஆளுக்குக் கொஞ்சம் தள்ளிவிடுகின்றன, அதோடு பி.பி., உடல் எடை, குடி, தூக்கக் குறைவு. எங்கள் வீட்டில் ஒரே ஒரு மரபணுவில் ஒரு மாற்றம், அதுவே பெரும்பங்கு வேலை பார்க்கிறது. அப்பாவிடமிருந்து எனக்கு. அது இருந்தால் நோய் வந்தே தீரும் என்றில்லை, ஆனால் கவனமாக இருக்க வேண்டும். தாளம் தப்பும்போது இதயத்தின் மேல் அறையில் ரத்தம் தேங்கி உறைந்துவிடலாம். அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம்.

பிள்ளைகளுக்கு? பாதிக்குப் பாதி என்றார். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பாதிக்குப் பாதி. தேன்மொழிக்குப் பதினான்கு, அவளை அழைத்து வரச் சொன்னார். கனிக்கு மூன்று வயதுதான், அவளுக்கு இப்போது அவசரமில்லை.

"கூடப் பிறந்தவங்க?"

"ஒரு தம்பி மட்டும். குமரேசன். வேன் ஓட்டுறான், மலைக்கு."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "முதல்ல அவரைக் கூட்டிட்டு வாங்க."

வெளியே வந்து இரண்டு இட்லி, ஒரு வடை, ஒரு டீ. பயந்திருக்க வேண்டும், பயப்படவில்லை. நிம்மதியாகவே இருந்தது. அப்பா நிலத்து வேப்பமரத்தடியில் விழுந்தபோது ஊர் முழுக்க 'பேய்க்காத்து அடிச்சிடுச்சு' என்றது. அம்மா சாகும்வரை அந்த வேப்பமரத்துப் பக்கம் எங்களைப் போகவிடவில்லை. இனி அந்த மரத்தடியில் போய் உட்காரலாம், நல்ல நிழல்.

ஆகஸ்ட் 6, புதன்

மழை விட்டது. துணி காய்ந்தது.

சாயங்காலம் தம்பி வீட்டுக்குப் போனேன். வேனைக் கழுவிக்கொண்டிருந்தான். அந்த வண்டியை அவன் துடைக்கிற அழகைப் பார்த்தால் அவன் மனைவி சுமதிக்குப் பொறாமை வராதது ஆச்சரியம். எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டபடியே சக்கரத்துக்குத் தண்ணீர் அடித்தான்.

"ஒனக்கு கீதுன்னா எனக்கும் இருக்கணுமா க்கா? எனக்கு ஒண்ணியும் இல்ல. படபடன்னு வந்தா ஒரு சோடா குடிப்பேன். ஏப்பம் வுட்டா செரியா பூடும்."

"படபடன்னு வருதா? எப்ப வருது?"

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டான். முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணாடி துடைத்தான். பிறகு மெதுவாக, "இன்னாத்துக்கு க்கா நோண்டற? ஆஸ்பத்திரில ஏதாச்சும் எழுதிக் குடுத்துட்டான்னு வெய்யி, டிரைவர் பேட்ஜ புடுங்கிடுவான். வண்டிய வுட்டா எனக்கு இன்னா தெரியும்?"

அவன் பயம் நோயைப் பற்றியது இல்லை, வண்டியைப் பற்றியது. அது எனக்கு நன்றாகப் புரிகிறது. ஆனால் போன மாதம் அவன் வேனில் மேலே போனபோது, வளைவில் ஒரு கை ஸ்டீயரிங்கிலும் ஒரு கை நெஞ்சிலுமாக அவன் ஓட்டியதை நான் பார்த்தேன். பின்னால் பதினைந்து பேர் பேசிக்கொண்டும் தின்றுகொண்டும் இருந்தார்கள். இவன் ஒருவன் நெஞ்சில் அத்தனை பேர் உயிர்.

விடப்போவதில்லை.

கனி காதுகுத்து, 31 ஞாயிறு, மலைமேல் வேடியப்பன் கோயிலில். செய்ய வேண்டியவை:
– பத்திரிகை (தாய்மாமன் பெயர் பெரிய எழுத்தில், இல்லாவிட்டால் கோபம் வரும்)
– ஆசாரியிடம் நேரம் சொல்ல
– கிடா: வீட்டுக்காரர் பார்த்துக்கொள்வார்
– அண்டா இரண்டு
– எனக்கு மாத்திரை தீர்கிறது

ஆகஸ்ட் 9, சனி

தேன்மொழி இ.சி.ஜி. நன்றாக இருக்கிறது! எக்கோவும் நன்றாக இருக்கிறது. ரத்தமும் கொடுத்தாள். கொடுக்கலாமா வேண்டாமா என்று அவளிடமே கேட்டார்கள். "தெரிஞ்சிக்கினா நல்லதுதானே?" என்றாள். ரத்தத்தின் முடிவு வர இரண்டு மாதம் ஆகும். வரட்டும். இன்றைக்கு என் பெண்ணின் இதயம் ஒழுங்காக ஓடுகிறது, அது போதும்.

அவளுக்கு வளையல், எனக்கு ரோஸ்மில்க். வீட்டுக்காரருக்கு ஒன்றும் வாங்கவில்லை, கேட்டார். காடு காக்கிறவருக்குக் காட்டிலேயே எல்லாம் கிடைக்கும் என்று சொல்லிச் சமாளித்தேன். இவர் வனத்துறையில் தோட்டக் காவல். நேற்று கரடிக் கால்தடம் பார்த்தாராம். அதைச் சொன்னபோது எங்களைவிட அவருக்குத்தான் சந்தோஷம்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

வெயில். கொண்டைக்கடலை ஊறப்போட மறந்து பட்டாணி போட்டோம். பிள்ளைகள் கண்டுகொள்ளவில்லை.

தம்பியிடம் ஆறு நாளாகக் கெஞ்சியாயிற்று. சவாரி, சர்வீஸ், காவலூர் ட்ரிப், தலைவலி. தினம் ஒரு சாக்கு. இன்று பத்திரிகை கொடுக்கிற சாக்கில் போய்ச் சொல்லிவிட்டேன்.

"என் பொண்ணு ஒன் மடில ஒக்காரணும்னா, மொதல்ல நீ இ.சி.ஜி. எடுக்கணும். எடுக்கலன்னா மடி இல்ல."

சுமதி கையிலிருந்த தட்டை வைத்துவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

தம்பி சிரித்தான். "தாய்மாமன் இல்லாத காது குத்துவியா? ஊரு சிரிக்கும்."

"சிரிக்கட்டும்."

அவன் சிரிப்பு நின்றது. கனிக்கு அவன் எடுத்த பட்டுப்பாவாடை அலமாரியில் இருப்பது எனக்குத் தெரியும். தோடு வாங்க மூன்று கடை ஏறி இறங்கியதும் தெரியும். தெரிந்துதான் அங்கே கை வைத்தேன். என் குணமே இப்படித்தான், முதலில் அடித்துவிட்டு அப்புறம் கை வலிக்கிறது என்பேன்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

கொடியேற்றம். சர்க்கரைப் பொங்கல் நன்றாக வந்தது. தலைமையாசிரியர் இரண்டாம் முறை வாங்கினார்.

இன்று ஒரு தப்பு செய்தேன். எழுதவே கூச்சமாக இருக்கிறது.

தம்பி அசையவில்லை. மிரட்டல் வெறும் வாய்ப்பேச்சு என்று நினைத்துவிட்டான் போல. அதனால் பெரியம்மா மகன் முருகனிடம் போய், "குமரேசன் வரலன்னா நீ ஒக்கார்றியாடா?" என்று கேட்டேன். அவனும் எனக்குத் தம்பி முறைதான், கனிக்கு மாமன்தான். சும்மா ஒரு பேச்சுக்கு. தம்பி காதுக்குப் போனால் பயப்படுவான் என்று கணக்கு.

நான் வீடு வந்து சேருமுன் செய்தி சேர்ந்துவிட்டது.

கூடப்பிறந்தவன் உயிரோடு இருக்கும்போது இன்னொருவன் மடியைக் கேட்பது எங்கள் பக்கத்தில் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? அவன் செத்துப்போனான் என்று அர்த்தம். அவன் சாகக்கூடாது என்றுதானே இத்தனை பாடு! கோபத்தில் அதை யோசிக்கவேயில்லை.

ஆகஸ்ட் 16, சனி

சுமதி வந்தாள். காபி வேண்டாம் என்றாள். சுமதி காபி வேண்டாம் என்று சொன்னால் விஷயம் பெரிது.

"நேத்துலருந்து சாப்டல, அண்ணி. வேனுக்குள்ளயே ஒக்காந்துகினு கீறாரு. 'எங்கக்கா என்ன பொணமா எடுத்து வெச்சிட்டா'ன்றாரு."

அழுதேன். அவளும் அழுதாள். பிறகு சுமதி கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒன்று சொன்னாள். ஆடி வெள்ளியன்று அவன் கோயில் படியேறும்போது தலை சுற்றிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டானாம். அக்காவிடம் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறான்.

"இப்ப சொல்லிட்டேன். சத்தியம் போனா போவுது, ஆளு இருக்கணும்."

முருகனிடம் போய், தெரியாமல் கேட்டுவிட்டேன், மறந்துவிடு என்றேன். அவன், "நான் வேட்டி எடுத்துட்டேனே க்கா" என்றான். சிரிப்பு வந்தது. அவனுக்கு மரியாதையாக முன் வரிசைப் பந்தி என்று சமாதானம் சொன்னேன்.

தம்பி போன் எடுக்கவில்லை. நான்கு முறை.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

சாம்பார் சாதம், முட்டை. வராதவர்கள் ஆறு பேர், காய்ச்சல்.

பள்ளி வாசலில் ஹாரன் சத்தம். தம்பி. இறங்கி வந்து என் மேசையில் ஒரு காகிதத்தை அடித்து வைத்தான். சாம்பார் வாளிகூட ஆடியது.

இ.சி.ஜி.! தனியாகவே வேலூர் போய் எடுத்திருக்கிறான். கீழே 'நார்மல்'.

"பாத்துக்கோ. மடி யாருதுன்னு இப்ப சொல்லு."

"ஒன்துதான்டா. எப்பவும் ஒன்துதான். தெரியாம பண்ணிட்டேன், மன்னிச்சிடு."

இவ்வளவு சீக்கிரம் நான் இறங்குவேன் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. திட்டுவதற்குத் தயாராக வந்தவன், என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு தட்டு எடுத்துக்கொண்டு வரிசையில் உட்கார்ந்தான். இரண்டு கரண்டி சாதம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் வேன் மாமா, வேன் மாமா என்று ஒரே சத்தம்.

அவன் போன பிறகு ரொம்ப நேரம் மனசு லேசாக இருந்தது.

ஆகஸ்ட் 21, வியாழன்

அந்த இ.சி.ஜி.யை லேமினேட் செய்து வேனில் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டான். ஏறுகிறவர்களிடமெல்லாம் காட்டுகிறானாம். ஊரே பேசுகிறது.

மாத்திரைக்குப் போனபோது டாக்டரம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. வந்து வந்து போகிற தாளக் கோளாறு, எடுக்கிற அந்த நேரத்தில் வராவிட்டால் இ.சி.ஜி.யில் தெரியாதாம். தலைசுற்றல் வேறு இருக்கிறது என்றதும், ஒரு நாள் முழுக்க நெஞ்சில் கட்டிக்கொள்கிற பெட்டி ஒன்று இருக்கிறது, அதைக் கட்டிப் பார்த்தே ஆக வேண்டும் என்றார்.

இதை நான் சொன்னால் மறுபடி போர். வீட்டுக்காரரை அனுப்பினேன். இவர் வளவளவென்று பேசுகிறவர் இல்லை. போய், மச்சானின் லேமினேஷனை நன்றாகப் பார்த்து, நல்லாருக்குது என்றுவிட்டு, ஒரே ஒரு வாக்கியம் சொன்னாராம்.

"ரெண்டு நிமிசம் காட்ல நின்னுட்டு, இங்க கரடியே இல்லன்னு சொன்னா நம்புவியா?"

தம்பி யோசித்தானாம். பிறகு, "செரி மாமா. கட்டிக்கினும் ஜெயிச்சி காட்றேன்" என்றானாம். ஜெயிக்கிறதாம்! போகட்டும், எப்படியோ கட்டினால் சரி.

பெட்டி காலியாக இருக்கிற நாள்: 30 சனி. மறுநாள் காதுகுத்து. வேறு நாள் வேண்டுமென்றால் செப்டம்பர் கடைசி. வேண்டாம், இதிலேயே கட்டிவிடலாம்.

ஆகஸ்ட் 30, சனி

மேகம். மழை வரக்கூடாது.

11.30க்குக் கட்டினார்கள். நெஞ்சில் பொட்டு பொட்டாக ஒட்டி, கம்பிகளை இழுத்து, இடுப்பில் ஒரு சின்னப் பெட்டி. நாளை 11.30க்குத் தானே நின்றுவிடும், கழற்றித் திங்கள் கொண்டு வந்தால் போதும். அதுவரை குளிக்கக்கூடாது.

தம்பி வெளுத்துவிட்டான். "குளிக்காம சாமி முன்னாடி எப்படி க்கா ஒக்கார்றது?"

இதை நான் யோசிக்கவேயில்லை. பார்க்கலாம்.

கூடவே ஒரு சீட்டு கொடுத்தார்கள். நேரம், என்ன செய்தார், என்ன தொந்தரவு என்று மூன்று பத்தி. எதையும் விடாமல் எழுத வேண்டும். தம்பி பேனா பிடித்தால் கையெழுத்தைத் தவிர வேறு வராது. என்னிடம் நீட்டிவிட்டான். "நீதான் தெனம் எழுதற ஆளாச்சே."

இரவு எழுதியவை பெரும்பாலும்: தூங்குகிறார். குறட்டை. (சுமதி போனில் சொன்னது.)

ஆகஸ்ட் 31, ஞாயிறு

மழை இல்லை. வேடியப்பா!

சாயங்காலம் ஆகிவிட்டது, கால் இரண்டும் வீக்கம். சீட்டை இங்கே நகல் எடுத்துவைக்கிறேன். மூலச் சீட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விடும்.

5.30 – எழுந்தார். (தம்பியை 'எழுந்தார்' என்று எழுதச் சிரிப்பு.) தொந்தரவு: இல்லை.

6.15 – ஈரத்துண்டால் உடம்பு துடைத்தார். தொ: பூசாரி என்ன சொல்வாரோ என்ற கவலை.

7.50 – வேன் புறப்பாடு. பத்தொன்பது பேர். ஓட்டியவர் இவரே. வேறு ஆளை வைத்துக்கொள்ளலாம் என்றேன், முறைத்தார். தொ: இல்லை.

8.35 – ஏழாவது வளைவு தாண்டி நிறுத்தினார். டயர் பார்க்கிறேன் என்று இறங்கிப் போனார். தொ: கேட்டேன். ஒன்றுமில்லை என்றார்.

9.20 – கோயில். பொங்கல் வைக்க ஆரம்பம். இரண்டு டீ.

9.50 – பூசாரியுடன் வாக்குவாதம்.

அந்த வாக்குவாதத்தைச் சீட்டில் எழுத இடமில்லை. இங்கே:

"தாய்மாமன் தலைக்குத் தண்ணி ஊத்தாம ஒக்காரலாமாப்பா?"

தம்பி சட்டையில் இரண்டு பட்டனைக் கழற்றிக் காட்டினான். "கரண்டு கீது பூசாரி. நீங்களே ஊத்துங்க."

பூசாரி இரண்டடி பின்னால் போய், மஞ்சள் தண்ணீரை அங்கிருந்தபடியே வேப்பிலையால் தெளித்தார். வேடியப்பன் காட்டுல இருக்கிற சாமி, ரொம்பக் கணக்குப் பார்க்கமாட்டார் என்றும் சொன்னார். பிரச்சினை தீர்ந்தது.

10.05 – குழந்தைக்கு மொட்டை. மடியில் பிடித்துக்கொண்டார்.

10.20 – குழந்தை சட்டைக்குள் கம்பியைப் பார்த்து இழுத்தது. போன் என்று சொன்னார். குழந்தை நெஞ்சில் வாயை வைத்து 'ஹலோ' சொன்னது. மூன்று முறை.

10.30 – காது குத்தியது. குழந்தை அழுகை. தாய்மாமனும் அழுகை. தொ: இல்லை. சந்தோஷம்.

11.00 – சீர் தட்டு கொடுத்தார். பட்டுப்பாவாடை கொஞ்சம் பெரிது.

11.30 – பெட்டி நின்றது.

பிறகு பந்தி. முருகன் முன் வரிசை, புது வேட்டி. தம்பி அவனுக்குத் தன் கையால் கறி வைத்தான். எனக்கு வேறென்ன வேண்டும்! கனிக்கு இப்போது காது வலி மறந்துவிட்டது, மொட்டைத் தலையைத் தடவித் தடவித் தூங்கிவிட்டாள். இந்த வருஷத்திலேயே நல்ல நாள் இதுதான்.

செப்டம்பர் 1, திங்கள்

பெட்டியை ஒப்படைத்தாயிற்று. அண்டா திருப்பியாயிற்று. ஒரு மூடி குறைகிறது. யார் வீட்டில்?

செப்டம்பர் 4, வியாழன்

முடிவு.

டாக்டரம்மா கம்ப்யூட்டரில் வரிகளை ஓடவிட்டு, பக்கத்தில் என் சீட்டை வைத்துப் படித்தார். 'ஹலோ' வந்த இடத்தில் வாய்விட்டுச் சிரித்தார். "இங்க ரொம்ப ஒழுங்கா ஓடியிருக்கு." தம்பி என்னைப் பார்த்துக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான்.

பிறகு அவர் வரிகளை அதற்கு முந்தைய நேரத்துக்கு ஓட்டினார். தூக்கத்தில் இரண்டு தடவை சின்னதாகத் தாளம் தப்பியிருக்கிறது. அப்புறம் காலை எட்டு முப்பத்தொன்றிலிருந்து எட்டு ஐம்பத்தெட்டு வரை, விடாமல். ஒழுங்கான கோடு தெரியவேயில்லை, கோழி கிளறிய மாதிரி இருந்தது.

"இந்த நேரத்துல என்ன பண்ணிட்டிருந்தீங்க? ஒன்றுமில்லைன்னு எழுதியிருக்கே."

எழுதியவள் நான்தானே.

தம்பி தரையைப் பார்த்தான். "கண்ணு இருட்டிக்கினு வந்துச்சி மேடம். ஒரு செகண்டுதான். ஃபர்ஸ்ட் கியர் போட்டு ஓரங்கட்டிட்டேன். டயரு பாக்கறேன்னு சொல்லி எறங்கி, பின்னாடி போயி ஒக்காந்துகினேன்."

பத்தொன்பது பேர். என் இரண்டு பெண்களும் அவனுக்கு நேர் பின் சீட்டில்.

டாக்டரம்மா திட்டவில்லை. நேரடியாகச் சொன்னார். எனக்கு இருப்பதுதான் இவனுக்கும். மரபணுவுக்கு ரத்தம் எடுக்க வேண்டும், ஆனால் வைத்தியத்துக்கு அது வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. மாத்திரை இன்றே ஆரம்பம். சனிக்கிழமைக் குடி நிற்க வேண்டும். கண் இருட்டுகிற ஆள் இப்போது வண்டியைத் தொடக்கூடாது. ஆறு வாரம் கழித்து மறுபடி பெட்டி கட்டி, தாளம் அடங்கியிருந்தால் ஓட்டுவதைப் பற்றிப் பேசலாம்.

"பேட்ஜ் போயிடுமா மேடம்?"

"மாத்திரை ஒழுங்கா போட்டு, தாளம் அடங்கி, தலைசுத்தலும் இல்லாம வேலைக்குப் போறவங்க நிறையப் பேர் இருக்காங்க. மறைச்சிட்டு ஓட்டினாத்தான் எல்லாமே போகும்."

தலையாட்டினான்.

பஸ் ஏறி உட்கார்ந்ததும் பயம் மொத்தமாக வந்தது. அவன் தோளில் இரண்டு அடி வைத்தேன், நிஜமாகவே. கண்டக்டர் பார்த்தார். தம்பி தடுக்கவில்லை. "அடி க்கா. இன்னும் ரெண்டு வெய்யி" என்றான். அப்புறம் என்ன அடிப்பது. அமிர்தியில் இறங்கும்வரை அவன் கையைப் பிடித்துக்கொண்டு வந்தேன்.

செப்டம்பர் 7, ஞாயிறு

மழை. சாமை மாவில் தோசை, நன்றாக வந்தது. மூடி கிடைத்துவிட்டது, எங்கள் வீட்டிலேயே.

தம்பி வேனுக்குத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டான். சாவியை சுமதியின் அண்ணன் கோபாலிடம் கொடுத்துவிட்டான். சவாரிகளை ஆறு வாரமும் அவர்தான் பார்ப்பார். யாரும் கேட்காமல் அவனாகவே கொடுத்தது. மாத்திரை வேளை தவறாமல் போடுகிறானாம்.

மதியம் அவனாகவே வந்தான். தோசை நான்கு.

"சித்தப்பா புள்ளைங்களுக்கு யாரு க்கா சொல்றது?"

நான் ஆகஸ்டிலேயே சொன்னேன். ஒருவரும் போகவில்லை. 'அக்கா இப்போ டாக்டர் ஆயிட்டாங்க' என்று சிரித்ததாகக் கேள்வி.

"நீ சொன்னா எவன் கேப்பான்? எனக்கே நீ சொல்லி நான் கேக்கல. நான் போறேன்."

செப்டம்பர் 10, புதன்

முட்டையில் மூன்று உடைந்தது.

தம்பி பஸ்ஸிலேயே சித்தப்பா ஊருக்குப் போய் வீடு வீடாக ஏறியிருக்கிறான். கையில் இரண்டு காகிதம். ஒன்று லேமினேட் செய்த நார்மல், இன்னொன்று கோழி கிளறியது. 'ரெண்டும் ஒரே ஆளு, நான்தான்' என்று காட்டினானாம். சித்தப்பாவின் பெரிய மகன், "எனக்கும் அப்பப்ப படபடன்னு வருது, எவன்ட்டயும் சொல்லல" என்று சொன்னானாம்.

சனிக்கிழமை எல்லோரும் வருகிறார்கள். டாக்டரம்மாவிடம் கேட்டேன், காலை ஒன்பதுக்கு வரச் சொன்னார்.

செப்டம்பர் 13, சனி

நல்ல வெயில். மலை பளிச்சென்று.

வேனில் பதினோரு பேர். கோபால் ஓட்டினார். நிதானமான மனிதர், மாட்டுவண்டிக்குக்கூட வழிவிடுவார். தம்பி முன் சீட்டில் உட்கார்ந்து வேலூர் வரும்வரை அவரைப் பாடாய்ப் படுத்தினான். "கிளச்சு மேல இன்னாத்துக்கு மச்சான் கால வெச்சிக்கினே வர்ற?" "ஹாரன் அடி." "ஹாரன் அடிக்காத." கோபால் அடுத்த மாட்டுவண்டிக்கும் வழிவிட்டார்.

இ.சி.ஜி. அறை வாசலில் தம்பி காவலாளி மாதிரி நின்றுகொண்டான். ஒவ்வொருவராக உள்ளே அனுப்பினான். "ஜில்லுனு இருக்கும், அவ்ளோதான். ரெண்டு நிமிசம். அசையாத." தன் பெண் பிரியா போகும்போது மட்டும் கூடவே உள்ளே போனான். வெளியே வந்து சுவரில் சாய்ந்துகொண்டு கண்ணை மூடினான். நன்றாக இருக்கிறது என்று அந்தப் பெண் சொன்ன பிறகுதான் திறந்தான்.

சித்தப்பாவின் பெரிய மகனை மட்டும் டாக்டரம்மா உள்ளே உட்காரவைத்தார். யாரோ வராததால் ஒரு பெட்டி காலியாம், இன்றே கட்டுகிறார்கள். அவன் மனைவிக்குத் தைரியம் சொன்னது நானில்லை, தம்பி.

பதினோரு மணிக்கு எல்லாம் முடிந்தது. டீ சொல்லிவிட்டுக் கிளம்பலாம் என்றேன். தம்பி வராந்தாவில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த கோபாலைக் கையைப் பிடித்து எழுப்பி அறை வாசலுக்குக் கொண்டு வந்தான்.

"சட்டைய கழட்டு மச்சான்."

"எனக்கு இன்னாத்துக்குப்பா? நான் ஒங்க வூட்டு ரத்தமே இல்லியே."

இ.சி.ஜி. எடுக்கிற பெண்ணும் லிஸ்டைப் பார்த்துவிட்டு, இவர் பேரில் சீட்டே இல்லையே என்றாள்.

"இப்ப போட்டுக்கினு வர்றேம்மா," என்றான் தம்பி. "அவருதான் எங்க வண்டிய ஓட்டுறாரு."